பன்றி, குரங்கு, நெல் மூட்டை

தேனியிலிருந்து குமுளிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அதைவிடப் பெரிய பாக்கியம் வேண்டியதில்லை. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டு புறமும் மலை. நடுவே வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலும். கூடலூர் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் சாலையோரச் சுவரின்மேல் குரங்குகள் உட்கார்ந்திருக்கும், ஏதோ நம்மிடம் பாக்கி வசூலிக்க வந்தவை மாதிரி.

ஒரு தடவை எனக்கு முன் ஸீட்டில் ஒரு தாயும் ஆறேழு வயதுப் பையனும் இருந்தார்கள். பையன் வாழைப்பழத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். தாய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கிட்டக்கக் கொண்டு போகாதடா. சீக்கு ஒட்டிக்கிரும்."

"கொரங்குக்கு யாரும்மா சீக்கு குடுத்தா?"

"பன்னி குடுத்திருக்கும். பேசாம ஒக்காரு."

கம்பத்தில் பஸ் நின்றபோது சாக்கடை ஓரம் மேய்ந்துகொண்டிருந்த பன்றிகளை அவள் மனத்தில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டேன். ஆனால் குமுளி போய்ச் சேருவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தப் பையன் கேட்ட கேள்வியை உலகத்தின் பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் ஒரு காலத்தில் கேட்டார்கள். அவன் தாய் சொன்ன பதிலையும், ஏறக்குறைய அதே தொனியில், ஒரு பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்விக்கு விடை தேடி இந்தப் பள்ளத்தாக்குக்கே ஆராய்ச்சிக்காரர்கள் வந்து எலி பிடித்த கதையும் உண்டு.

நான் சொல்வது பிளேக்கைப் பற்றி. இன்றைய வாசகர்களில் பலருக்கு அது வெறும் பெயர். 1896 செப்டம்பரில் பம்பாயில், தானியக் கிடங்குகள் நிறைந்த மாண்ட்வி பகுதியில், வீகாஸ் என்ற டாக்டர் முதன்முதலில் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும், காய்ச்சல் கொளுத்தும், மூன்று நான்கு நாளில் கதை முடிந்துவிடும். அடுத்த நாற்பது வருஷங்களில் இந்தியாவில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேரை அது கொண்டு போயிற்று. 1907ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் 13 லட்சம் பேர். பஞ்சாபையும் பம்பாயையும் பார்க்க நம் சென்னை மாகாணம் கொஞ்சம் தப்பித்தது என்றே சொல்ல வேண்டும். ஏன் தப்பித்தது என்பதும் இந்தக் கதையில் ஒரு பகுதி.

நோய்க்குக் காரணமான பாக்டீரியாக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்ஸின் என்பவர் கண்டெடுத்துவிட்டார். திருடனின் முகம் தெரிந்துவிட்டது. ஆனால் எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறான் என்பது தெரியவில்லை. காற்றா, தண்ணீரா, மண்ணா, துணியா, சாப்பாடா? மனிதனோடு சேர்ந்து வாழும் பிராணிகளில் எது இந்த நோயைப் பங்கு போட்டுக்கொள்கிறது? ஊருக்கு ஒரு அபிப்பிராயம், டாக்டருக்கு ஒரு அபிப்பிராயம்.

பன்றியின்மேல் பழி விழுந்தது ஹாங்காங்கில். 1902இல் அங்கே போய் விசாரித்த ஸிம்ப்ஸன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் லேசுப்பட்டவர் அல்ல. முன்பு கல்கத்தா நகரத்தின் சுகாதார அதிகாரியாக இருந்தவர். பன்றி, கன்று, ஆடு, கோழி இவற்றுக்கெல்லாம் பிளேக் கண்ட உறுப்புகளைத் தீனியாகப் போட்டுப் பார்த்து, இவையும் நோய்ப்படுகின்றன, இவற்றின் வழியாகவும் மனிதனுக்கு வரலாம் என்று அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை இந்தியாவுக்கு வந்தபோது எத்தனை பேர் தலையாட்டியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினம் அல்ல. பன்றி வளர்ப்பவன் எப்போதும் ஊருக்கு வெளியே இருப்பவன். அவனும் அவன் பன்றியும் நோய்க்குக் காரணம் என்று சொன்னால் ஊருக்குள் இருக்கிற ஒருவருக்கும் நஷ்டம் இல்லை.

நல்ல வேளையாக, சொன்னதை அப்படியே நம்பாத இருவர் பம்பாய் பரேலில் இருந்த பிளேக் ஆராய்ச்சிசாலையில் இருந்தார்கள். ஒருவர் பானர்மன், மற்றவர் கபாடியா. ஸிம்ப்ஸன் செய்த சோதனைகளைத் திரும்பச் செய்தார்கள். பன்றிக்கும் கன்றுக்கும் கோழிக்கும் பிளேக் உறுப்புகளை ஊட்டிப் பார்த்தார்கள். பிராணிகள் தின்றுவிட்டு, சும்மா இருந்தன. 1908இல் வெளியான அவர்கள் அறிக்கையோடு பன்றி மீதான வழக்கு ஏறக்குறையத் தள்ளுபடி ஆயிற்று.

இந்த பானர்மனைப் பற்றி இடையே ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். பிறகு இவர் சென்னை மாகாணத்தின் ஸர்ஜன் ஜெனரலாக வந்தார். இவருடைய மனைவி ஹெலன், குழந்தைகளைக் கொடைக்கானலில் விட்டுவிட்டு ரயிலில் திரும்புகிற வழியில் அவர்களுக்காக ஒரு கதை எழுதினாராம். புலிகள் மரத்தைச் சுற்றி ஓடி ஓடி நெய்யாக உருகிவிடுகிற கதை. 1899இல் லண்டனில் அச்சாகி உலகமெங்கும் பிரசித்தி பெற்று, பின்னால் கறுப்பு மக்களைக் கேலி செய்கிறதென்று கண்டனமும் பெற்றது. கணவர் பன்றிகளைக் காப்பாற்றிய புண்ணியம் யார் நினைவிலும் இல்லை. கதை எழுதுகிற எனக்கு இதில் கொஞ்சம் கர்வம் கூட உண்டு.

இனி, குரங்கு. இங்கே நிலைமை வேறு. குரங்கு நிஜமாகவே நம்மோடு இந்த நோயைப் பங்கு போட்டுக்கொள்கிற பிராணி. 1897இல் பம்பாய்க்கு வந்த ருஷ்ய டாக்டர்கள் விஸோகோவிச்சும் ஸபொலோட்னியும் குரங்கின் உள்ளங்கையில் கிருமி தோய்ந்த ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்தார்கள். குத்தின இடத்தில் ஒரு தழும்பு கூட இல்லை. ஆனால் அக்குளில் மனிதனுக்குக் கட்டுவது போலவே நெறி கட்டிற்று. ஆராய்ச்சிசாலைக்கு வெளியிலும் நடந்தது. அந்த வருஷங்களில் ஹரித்துவாரத்தை அடுத்த கன்கல் என்ற க்ஷேத்திரத்தில் பிளேக் பரவியபோது, கோவில்களையும் கூரைகளையும் சுற்றித் திரிந்த குரங்குகளும் அதற்குப் பலியாயின.

அப்படியானால் குரங்கிடமிருந்து மனிதனுக்கு வந்ததா? இல்லை. எங்கிருந்து மனிதனுக்கு வந்ததோ அங்கிருந்தே குரங்குக்கும் வந்தது. ஒரே பந்தியில் உட்கார்ந்த இரண்டு விருந்தாளிகளில் ஒருவன் மற்றவனைப் பார்த்து "நீதான் சமைத்தாய்" என்று சொல்ல முடியுமா? 1957இல் மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோதும் இதே மயக்கம் வந்தது. அது பாக்டீரியா அல்ல, வைரஸ். உண்ணிப்பூச்சி கடித்துக் குரங்குக்கும் மனிதனுக்கும் வந்த நோய். ஆனாலும் அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் குரங்குக் காய்ச்சல். செத்தும் பழி போகவில்லை.

பந்தியில் சமைத்துப் போட்டவன் எலி, பரிமாறினவன் தெள்ளுப்பூச்சி. இதை 1898இல் கராச்சியில் ஸிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் சோதித்துச் சொன்னார். நோயாளி எலியையும் நல்ல எலியையும் ஒன்றையொன்று தொட முடியாதபடி கம்பி வலையால் பிரித்து வைத்தார். தெள்ளுப்பூச்சி மட்டும் தாண்டலாம். நல்ல எலி செத்தது. அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. பிறகு 1903இல் பம்பாய்த் தோட்டத்தில் வளர்த்த கினிப்பன்றிகள் பிளேக்கில் சாக, லிஸ்டன் என்ற டாக்டர் அவற்றின் உடம்பிலிருந்து தெள்ளுப்பூச்சிகளைப் பொறுக்கிப் பார்த்தார். பெரும்பாலும் எலித் தெள்ளு. (கினிப்பன்றி என்பது பன்றி அல்ல, பெருச்சாளிக்குத் தாயாதி முறை. பன்றி ஜாதிக்கு இந்த அவப்பெயரும் சேர்ந்துகொண்டது!) அவர் இன்னொன்றும் செய்தார். எலி சாகாத இடங்களில் மனிதர்கள்மேல் பிடித்த 246 தெள்ளுப்பூச்சிகளில் எலித் தெள்ளு ஒன்றே ஒன்று. பிளேக் கண்ட ஒரு குடியிருப்பில் பிடித்த 30இல் பதினான்கு. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளு பட்டினி கிடக்க முடியாமல் அடுத்த சூடான உடம்பைத் தேடி வருகிறது. மனிதனோ, குரங்கோ, கினிப்பன்றியோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

பரேலில் கொட்டகைகள் கட்டி, கினிப்பன்றிகளைக் கூண்டுகளில் வைத்து மேலும் பார்த்தார்கள். தரைக்கு இரண்டு அங்குலம் மேலே தொங்கிய கூண்டில் நோய் வந்தது; இரண்டடி மேலே தொங்கியதில் வரவில்லை. தெள்ளு எவ்வளவு உயரம் குதிக்குமோ அவ்வளவுதான் பிளேக்கின் உயரமும். காற்றில் வருகிறது, பூமியின் ஆவியில் வருகிறது என்று எழுதப்பட்ட எத்தனையோ புத்தகங்களை இந்த இரண்டடி அழித்துவிட்டது. கடைசிக் கணுவை 1914இல் லண்டனில் பேகட்டும் மார்ட்டினும் கண்டார்கள். தெள்ளின் வயிற்றுக்கு முன்னால் கிருமிகள் பெருகி அடைத்துக்கொள்கின்றன. குடித்த ரத்தம் உள்ளே இறங்குவதில்லை. பசி தாங்காமல் அது மறுபடி மறுபடி கடிக்கிறது. கடிக்கும்போதெல்லாம் அடைபட்டதைக் கக்குகிறது. பசியால் கொலை செய்கிற பூச்சி என்று சொல்லலாம்.

இதெல்லாம் சரி, ஒரு கேள்வி நின்றது. எலியும் தெள்ளும் சென்னைப் பட்டணத்தில் இல்லையா? மதுரையில் இல்லையா? அங்கெல்லாம் ஏன் பம்பாய் மாதிரி ஊர் காலியாகவில்லை? இதற்கு விடை கொழும்பிலிருந்து வந்தது. 1914இல் அங்கே பிளேக் வந்தபோது நகர ஆராய்ச்சிசாலையில் இருந்தவர் ஹிர்ஸ்ட். நம் எலிகள்மேல் இருப்பது ஒரே ஜாதித் தெள்ளு அல்ல, இரண்டு ஜாதி என்று அவர் கவனித்தார். ஒன்று சியோப்பிஸ், பிரமிடு கட்டிய எகிப்திய ராஜாவின் பெயர். மற்றொன்று ஆஸ்டியா. இரண்டுக்கும் பெயர் வைத்தவர் ராத்சைல்ட் என்ற வங்கிக்காரக் கோடீஸ்வரர். பணத்தை விடத் தெள்ளுப்பூச்சியில் அவருக்கு அதிக சிரத்தை. பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் சட்டென்று வித்தியாசம் தெரியாது. ஆனால் குணத்தில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். சியோப்பிஸ் பிளேக்கைச் சுமப்பதில் கெட்டிக்காரன், ஆஸ்டியா மந்தம். வெப்பமான தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் சமவெளியிலும் ஆஸ்டியாவே அதிகம். நம்மைக் காப்பாற்றியது நம் சுத்தமும் அல்ல, சர்க்காரின் சாமர்த்தியமும் அல்ல. ஒரு மந்தப் பூச்சி.

சென்னை மாகாணம் பூராவும் எலி பிடித்து, தெள்ளு எண்ணி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த கிங்கும் பண்டிட்டும் 1931இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார்கள். (இந்தப் பண்டிட்தான் பின்னால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமைக்கு வந்தவர்.) எங்கே சீதோஷ்ணம் கொஞ்சம் தணிந்து சியோப்பிஸ் பெருகி இருக்கிறதோ அங்கே பிளேக் இருக்கிறது என்பது அதன் சாரம். அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று, அன்றைய மதுரை ஜில்லாவின் மேற்கு மூலையில் இருந்த கம்பம் பள்ளத்தாக்கு.

ஏன் இங்கே? படத்தை எடுத்துப் பார்த்தால் புரியும். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒரு நீளமான தொட்டில். மதுரையை விட உயரம். ஆனி, ஆடியில் மதுரை வெந்துகொண்டிருக்கும்போது இங்கே மலையாளக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கும். மனிதனுக்கு எவ்வளவு சுகமோ தெள்ளுக்கும் அவ்வளவு சுகம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. 1895 அக்டோபரில் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இந்தப் பக்கம் விழுந்தது. அவர் படத்தை இன்றும் வீட்டில் மாட்டிப் பூப்போடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள், போட வேண்டியதுதான். சுமார் 14,700 ஏக்கர் இருபோக நிலமாக அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. ஆனால் நெல் விளைந்தால் நெல்லைக் கொட்டி வைக்க வேண்டும். வீட்டுக்கு வீடு குலுக்கை, குதிர், மச்சில் மூட்டை. மேலே ஏலத் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கான கூலிகளுக்கு அரிசி வேண்டும். போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி என்று எல்லா வழியிலும் தலைச்சுமையும் கழுதைப் பொதியும் வண்டியும் ஏறின. 1928இல் போடிக்கு ரயிலும் வந்தது. நாட்டு ஓட்டின் அடியிலும் மண் சுவரின் வளையிலும் இருந்த எலிக்கு இதைவிட வேறு ராஜ்யம் எது?

1920களில் வேரூன்றின பிளேக் இந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போக மறுத்தது. ஒரு ஊரில் அடங்கினால் அடுத்த ஊரில் புகையும். 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் தலைமையில் இங்கே தனி விசாரணை நடந்தது. 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பத்திரிகையில் அது வெளியாயிற்று. இத்தகைய விசாரணையில் வீரதீரம் ஒன்றும் கிடையாது. பொறி வைத்து எலியை உயிரோடு பிடிக்க வேண்டும். பையில் போட்டு மயக்கி, சீப்பால் வாரி, உதிர்ந்த தெள்ளுகளை ஜாதி பிரித்து எண்ண வேண்டும். எலிக்குத் தலா எத்தனை சியோப்பிஸ் என்று கணக்கு எழுத வேண்டும். மண்ணீரலைக் கீறிக் கண்ணாடித் தகட்டில் தடவிக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாளும் அதே வேலை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில். நோய் எந்த வழியில் நடந்தது என்பதை இப்படித்தான், காலடி காலடியாக, மோப்பம் பிடிக்க முடியும். வளைகளுக்குள் ஸயனைடு புகை செலுத்தி எலியையும் தெள்ளையும் ஒன்றாகக் கொல்லும் முறையை மாகாண சுகாதார இலாகா கைக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான்.

விஞ்ஞானத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு முன்னும் அதோடு கூடவும் நடந்த இன்னொன்றுதான் உறுத்துகிறது. பிளேக் என்றதும் சர்க்கார் முதலில் நிறுத்தியது மனிதனை. நோய் கண்ட பிரதேசத்திலிருந்து வருகிறவன் பிளேக் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். போன ஊரில் பத்து நாள் தினமும் அதிகாரி முன் ஆஜராக வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை மண்டபம் முகாமில் அடைத்து வைத்து, துணியை வேகவைத்து, பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். அதே சமயம் அரிசி மூட்டை எந்தப் பாஸ்போர்ட்டும் இல்லாமல் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிற்று. புறக்கோட்டைத் தானியக் கிடங்குகளைச் சுற்றித்தான் அங்கே பிளேக் மூண்டது. சரக்கோடு வந்த எலியும் தெள்ளும்தான் கொண்டு வந்தன என்று ஹிர்ஸ்ட் வாதாடினார். கூலி குற்றவாளி, பன்றிக்காரன் குற்றவாளி, குரங்கு கூட குற்றவாளி. மூட்டை மட்டும் பெரிய மனிதர் வீட்டு மச்சில் மரியாதையாக அடுக்கப்பட்டிருந்தது.

பன்றி விஷயத்தில் பின்னால் தெரிந்த ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பன்றிக்குப் பிளேக் நோயாக வருவதில்லை. ஆனால் கிருமி உள்ளே போய் வந்ததற்கு அடையாளம் ரத்தத்தில் தங்குகிறது. 1980களில் கலிபோர்னியாவில் காட்டுப்பன்றிகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்து, அந்தக் காட்டில் பிளேக் ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடித்தார்கள். குற்றவாளிக் கூண்டில் நின்றது கடைசியில் சாட்சிக் கூண்டுக்கு வந்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு டி.டி.டி. வந்தது, ஸ்ட்ரெப்டோமைஸின் வந்தது. பிளேக் பயம் போயிற்று. 1994இல் சூரத்தில் திடீரென்று தலைகாட்டியபோது ரயில் ரயிலாக ஜனங்கள் ஓடியதைப் பலர் நினைவு வைத்திருப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இப்போது அந்தப் பேச்சே இல்லை.

ஆனால் ஒரு தடவை உத்தமபாளையம் பக்கம் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பத்தாவிடம் கேட்டுப் பார்த்தேன். தொண்ணூறைத் தாண்டியவர். காது மந்தம்; நினைவு மந்தம் இல்லை.

"அதுவா? எங்க ஆத்தா சொல்லும். மோட்டுலருந்து எலி செத்து விழுந்துச்சின்னா சரி, ஊரையே காலி பண்ணிருவாக. வயக்காட்டுல குடிசை போட்டு ரெண்டு மாசம், மூணு மாசம் இருப்பாகளாம். டாக்டர் வந்து சொல்றவரைக்கும் யாரு காத்திருப்பா?"

விஞ்ஞானிகள் கராச்சியிலும் பம்பாயிலும் வருஷக்கணக்கில் பாடுபட்டுக் கண்டதை இந்தக் கிராமத்தார் எலி விழுந்த சத்தத்திலேயே தெரிந்துகொண்டிருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். சந்தோஷமும்தான். மேலும் கேட்டேன்.

"வீட்டுல இருந்த சாமானை எல்லாம் விட்டுட்டா போனாங்க, அப்பத்தா?"

"பானை சட்டி, துணிமணி எல்லாம் விட்டுட்டுத்தான் போனாக."

"நெல்லு?"

கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டணத்துக்காரன் கேட்கிற கேள்வியைப் பார் என்கிற பார்வை.

"நெல்ல விட்டுட்டுப் போவாகளா? மூட்டை கட்டி முத வண்டில அதத்தான் ஏத்துனாக."